கடனட்டை நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றியதில் தகராறா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

ஒரு வங்கியின் கடனட்டையில் ஏறிக்கிடக்கும் கடனைப் பூச்சிய வட்டித் தவணையில் இன்னொரு வங்கியின் அட்டைக்கு மாற்றுவதைத்தான் பெலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் என்கிறார்கள். புது வங்கி பழைய வங்கிக்குப் பணத்தைக் கட்டும், நீங்கள் புது வங்கிக்கு மாதத் தவணை கட்டுவீர்கள். சொல்லும்போது சுலபம். ஆனால் இரண்டு வங்கிகள், இரண்டு கணக்குக்கூற்றுகள், இரண்டு கட்டும் திகதிகள் நடுவே பணம் போகிறது. எங்கோ ஓரிடத்தில் அது தடைப்பட்டால், இரு பக்கமும் வட்டி ஏறும். அந்த நேரத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கிளைக்குப் போய்ச் சத்தம் போடுவதால் ஒன்றும் நகராது. திகதியும் கடதாசியும் கையில் இருந்தால் நகரும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் பழைய அட்டைக்குக் கட்டுவதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விற்பனை முகவர் "இனி நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லியிருப்பார். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டு, பணம் போய், பழைய அட்டையில் வரவு விழும் வரை அந்தக் கடன் உங்களுடையதுதான். இடையில் கட்டும் திகதி வந்தால் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டிய பணம் வீணாகாது. அது அட்டையில் வரவு மிகுதியாக நிற்கும். அதைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஏ.டி.எம்.மில் எடுக்கப் போனால் காசு எடுத்ததற்கான கட்டணம் விழலாம்.

அடுத்தது, மாற்றிய தொகையோடு பழைய கடன் முடிந்தது என்று நினைப்பது. இந்த இடத்தில்தான் அதிகமானவர்கள் அகப்படுகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 5ஆம் திகதிக் கூற்றில் நிலுவை 300,000 ரூபாய். புது வங்கி அதே தொகையை 18ஆம் திகதி கட்டுகிறது. ஆண்டு வட்டி 28 வீதம் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 230 ரூபாய். 13 நாளுக்கு 2,990 ரூபாய். அடுத்த கூற்றில் இந்தத் தொகை வரும். வங்கி ஏமாற்றுகிறது என்று அதைக் கட்டாமல் விட்டால், அதன்மேல் தாமதக் கட்டணம், அதன்மேல் வட்டி என்று வளரும். முத்திரை வரி, வருடக் கட்டணம் ஏதும் இருந்தால் அதுவும் சேரும். வழி இதுதான்: பணம் வரவானதும் பழைய வங்கியை அழைத்து, "இன்றைய திகதிக்கு முழுவதுமாகத் தீர்க்க எவ்வளவு?" என்று கேட்டு, அந்த மிச்சத்தைக் கட்டி, அட்டையை மூடச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். மூடியதற்கான உறுதிக் கடிதம் வரும்வரை விடாதீர்கள். பணம் மாறியதால் மட்டும் அட்டை தானாக மூடப்படாது.

பணம் எங்கே நிற்கிறது?

புது வங்கி பணம் அனுப்பிவிட்டோம் என்கிறது. பழைய வங்கி வரவில்லை என்கிறது. இரண்டு கிளைக்கும் மாறி மாறி அலைய வேண்டாம். பணம் தடைப்படக்கூடிய இடங்கள் மூன்று. உங்கள் புது அட்டையில் கடனாகப் பதிந்துவிட்டு, பணத்தை இன்னும் அனுப்பாமல் இருக்கலாம். அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழைத்திருக்கலாம். தொலைந்த அட்டைக்குப் பதில் புது அட்டை வாங்கியவர்கள் பழைய இலக்கத்தைப் படிவத்தில் எழுதிவிடுவதும் உண்டு. அல்லது பணம் பழைய வங்கிக்குள் வந்தும், யாருடைய அட்டைக்கு என்று தெரியாமல் வேறு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே முதலில் புது வங்கியிடம் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: அனுப்பிய திகதி, தொகை, பரிமாற்ற இலக்கம் (காசோலை என்றால் காசோலை இலக்கம்), எந்த அட்டைக்கு என்பதைக் காட்டும் கடைசி நான்கு எண்கள். அந்தக் கடதாசியோடு பழைய வங்கியிடம் போனால், "வரவில்லை" என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாது. எந்த வங்கியின் பிழை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த வங்கியிடமே வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

கடையில் வாங்கிய பொருளுக்கு விசா, மாஸ்டர்கார்ட் வழியாகப் பணத்தை மீளக் கேட்கும் முறை இதற்குப் பொருந்தாது. இது வங்கி உங்களுக்குத் தந்த கடன். மோசடி என்று சொல்லி அட்டையை முடக்க வைத்தால் சிக்கல் கூடும்.

பூச்சிய வட்டி என்றார்களே?

கட்டணம் வேறு, வட்டி வேறு. 300,000 ரூபாய்க்கு 6 வீதம் கையாளல் கட்டணம் என்றால் 18,000. பன்னிரண்டு மாதத் தவணையில் மாதம் 26,500 கட்டுவீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 வீத வட்டிக்குச் சமம். பழைய அட்டையின் வட்டியோடு பார்த்தால் இலாபம்தான், ஆனால் இலவசம் இல்லை. ஒரு தவணை தவறினால் திட்டம் ரத்தாகி, மிச்சம் முழுவதும் சாதாரண அட்டை வட்டிக்குப் போய்விடும் என்ற நிபந்தனையையும், முன்கூட்டியே தீர்த்தால் கட்டணம் உண்டா என்பதையும் படிவத்தில் தேடுங்கள். முகவர் தொலைபேசியில் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அழைப்பு வந்த திகதி, நேரம், இலக்கம் மூன்றையும் குறிப்பிட்டு, குரல் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுதுங்கள். நாள் போனால் பதிவு கிடைக்காது. ஓ.டி.பி.யை எந்த முகவருக்கும் சொல்லாதீர்கள்.

முறைப்பாட்டைத் தொலைபேசியோடு நிறுத்தாதீர்கள். அழைத்தால் முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். அதே நாளில் மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புது வங்கிக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"கடைசி நான்கு எண்கள் ____ கொண்ட அட்டையின் நிலுவை ____ ரூபாய், ____ ஆம் திகதி உங்கள் வங்கியால் செலுத்தப்பட்டதாகக் காட்டப்பட்டுள்ளது. பழைய அட்டையில் அது வரவாகவில்லை. பணத்தைக் கண்டுபிடித்து வரவு வைக்கவும், இதனால் ஏற்பட்ட வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் நீக்கவும், எழுத்தில் பதில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

தமிழிலேயே எழுதலாம். பதில் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதில் கவனம் வையுங்கள். லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாமல் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் மட்டும் இருக்கும் முகவரிக்கு வரும் கடிதம், தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, அதே பெயருள்ள வேறொருவர் கைக்கும் போகலாம். வங்கி "கடிதம் அனுப்பினோம்" என்று சொல்லும். கட்டும் திகதி கடந்திருக்கும். கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசி இலக்கத்தையும் சரிபாருங்கள்.

தகராறு நடக்கும்போது முழுத் தவணையையும் நிறுத்தி வங்கியை மிரட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நட்டம் உங்களுக்குத்தான். தகராறில்லாத தொகையைக் கட்டுங்கள். மற்றதை "ஆட்சேபனையுடன்" என்று எழுதிக் கேளுங்கள். கடன் அறவிடுபவர் வீட்டுக்கு வந்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் காட்டுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள்.

வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. வங்கிகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் கட்டணமின்றி முறையிடலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, வங்கிக்கு எழுதினீர்களா என்பதுதான். அதைத் தாண்டி நேரே போகாதீர்கள். கூற்றைப் படமெடுத்து முகநூலில் போடுவதும் வேண்டாம். அட்டை விவரம் யார் கைக்கும் போகலாம்.

பிணக்கு தீர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். 'கிரிப்' என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தில், தாமத நாட்கள் உங்கள் பெயரில் பதிந்திருக்கலாம். அடுத்த வருடம் வீடு கட்டவோ முச்சக்கர வண்டி வாங்கவோ கடன் கேட்டால் அது எதிரே வந்து நிற்கும். உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பணியகம் தானாக அழிக்காது. பிழையாக அறிக்கையிட்ட வங்கிதான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே தீர்வுக் கடிதத்தில் "கிரிப் பதிவையும் திருத்துகிறோம்" என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள், சில வாரங்கள் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துச் சரிபாருங்கள்.