கூத்தும் யட்சகானமும் கவாலியும் ஒரே கூடத்தில்: ஊர் அரங்கில் கலை சீசன் நடத்தும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல மொழிக் கலைகளை மேடையேற்றக் கலைஞர்களைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. தெருக்கூத்தும் பறையும் ஊருக்கு ஊர் உண்டு. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கிருஷ்ணகிரியில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடி மக்களும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களும் இருக்கிறார்கள். கர்நாடகக் கடலோர நாட்டிய நாடகமான யட்சகானத்துக்குக் குழுவைப் பெங்களூரிலிருந்து அழைத்தால் கிருஷ்ணகிரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது என்பதால் கிரீடப் பெட்டிகளோடு வரும் குழுவுக்கு வேன் பேசிவிடுங்கள்.

பெரும்பாலான சீசன்கள் கெடுவது தேதியில். கூடம் காலியாக இருக்கும் நாளைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். கலைஞர்கள் ஓய்வாக இருக்கும் மாதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாசி தொடங்கி ஆடி வரை கூத்துக் குழுக்களுக்குக் கோயில் பாரதம் இருக்கும்: பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம். அந்த மாதங்களில் கூடத்துக்கு அழைத்தால் முந்தைய இரவு முழுக்க ஆடிக் களைத்தவர்கள்தான் வருவார்கள். மேளங்கள் எனப்படும் யட்சகானக் குழுக்கள் நவம்பரிலிருந்து மே வரை தங்கள் கடலோர ஊர்களில் சுற்றும். மழைக்காலத்தில்தான் சிறு குழுக்களாக வெளியூருக்குக் கிளம்புவார்கள். நவம்பரில் கர்நாடக மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவம் வந்துவிடுவதால் கர்நாடகக் கலைஞர்கள் கிடைப்பது அரிது. மார்கழியில் பரதநாட்டியப் பக்கவாத்தியக்காரர்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஆவணி முதல் ஐப்பசி முதல் வாரம் வரை. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஐந்து நிகழ்ச்சி வைக்கலாம். ஆறாவதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அதற்குள்ளும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் மைக் செட், லைட் செட் எதுவும் கிடைக்காது. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு. கூட்டம் கோயிலில் இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், சாப்பாடும் சைவமாக இருக்கட்டும். நவராத்திரியில் நடனக் குழுக்களுக்குக் கோயில் நிகழ்ச்சிகள் இருக்கும். இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் சூஃபி பக்திப் பாடலான கவாலியின் தேதியைப் போன வருடக் காலண்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்று இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகே தொடங்குங்கள்.

ஆவணி, புரட்டாசியில் நம் பக்கம் மாலை மழை உண்டு. தகரக் கூரைக் கூடமாக இருந்தால் மழைச் சத்தத்தில் வசனமும் வீணையும் கேட்காது. பறை போன்ற தோற்கருவி நிகழ்ச்சி ஒன்றை எந்த வாரத்துக்கும் மாற்றிப் போடும்படி முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

அடுத்தது தளம். நம் கூடங்களில் மேடை பெரும்பாலும் சிமெண்ட். அதில் ஒன்றரை மணி நேரம் தட்டி ஆடினால் முழங்காலும் கணுக்காலும் பதில் சொல்லும். 24 அடிக்கு 16 அடி ஆடுதளம் போட 18 மில்லிமீட்டர் பிளைவுட் 12 ஷீட் போதும். இரண்டு அங்குலச் சட்டங்களை ஒன்றரை அடி இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு சட்டத்துக்கு அடியிலும் ரப்பர் துண்டு கொடுங்கள். அந்த ரப்பர்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அது இல்லாமல் பலகையை மட்டும் போட்டால் சத்தம் கூடுமே தவிர வலி குறையாது. ஷீட்டின் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி அடுக்குங்கள். திருகாணித் தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், ஆடுபவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள். வார்னிஷ் வேண்டாம், வியர்வை பட்டதும் வழுக்கும்.

எல்லாவற்றையும் இந்த மேடையிலேயே ஏற்ற வேண்டும் என்பதில்லை. லம்பாடிப் பெண்களின் ஆட்டம் வட்டமாகச் சுற்றும். அதை மேடையில் வைத்தால் பாதிப் பேர் முதுகைக் காட்டியே நிற்பார்கள். நாற்காலிகளை ஒதுக்கித் தரையிலேயே ஆடவிட்டு, மூன்று பக்கமும் ஜமுக்காளம் விரித்துப் பார்வையாளரை உட்கார வையுங்கள். கர்நாடக முரசு ஆட்டமான டொள்ளு குனிதாவுக்குத் திறந்தவெளி. கூடத்துக்குள் பன்னிரண்டு பெரிய முரசு ஒன்றாக அதிர்ந்தால் அடுத்த நிகழ்ச்சியைக் கேட்கக் காது இருக்காது. பறை காய்ச்ச நெருப்பு வேண்டும். அதற்குக் கூடத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்காத மூலையில் இடமும் வைக்கோலும் இரண்டு வாளித் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சிய சூடு தணியத் தணியத் தோல் தளர்ந்து சத்தம் இறங்கிவிடும். பறை தயாரான பிறகு வரவேற்புரை, பொன்னாடை என்று அவர்களை அரை மணி நேரம் காக்க வைப்பது கருவியைக் கெடுப்பது. மரியாதையெல்லாம் ஆட்டம் முடிந்து நடக்கட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பறைக் கலைஞர்களையும் லம்பாடிப் பெண்களையும் வாசலில் விருந்தினரை வரவேற்க நிறுத்திவிட்டு, மேடையை மற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அவர்களுக்கும் முழு நேரம், அழைப்பிதழில் அதே அளவு எழுத்து, அதே சம்பளக் கணக்கு. மொத்தச் செலவில் பாதியாவது கலைஞர்கள் கைக்குப் போகவில்லை என்றால் பந்தலையும் பேனரையும் குறையுங்கள். முன்பணம் ஒப்புக்கொண்ட அன்றே, மீதி வேஷம் கலைக்கும் நேரத்தில். செக் தருவதானால் முன்பே சொல்லுங்கள், இரவோடு இரவாக வேன் வாடகை கொடுக்க அவர்களிடம் ரொக்கம் இருக்க வேண்டும்.

கூத்து விடிய விடிய நடப்பது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். ஆகவே கூடத்துக்குள் நடத்துவதானாலும் கதவு ஜன்னலைச் சாத்த முடியுமா என்று பாருங்கள், காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூன்று மணி நேரமாகச் சுருக்குவதானால் அதைக் கூத்து வாத்தியாரே செய்ய வேண்டும், ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கிளைக்கதைகளை அவர் எடுத்துவிடுவார். திரை பிடித்து வேஷம் வெளிவரும் இடத்தை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள், கூத்தின் உயிர் அங்கே இருக்கிறது. 45 நிமிடம் தந்தால் கூத்து வராது, மாதிரிதான் வரும்.

மொழி புரியாதே என்ற கவலைக்கு நல்ல மருந்து கதைத் தேர்வு. பதினெட்டு நாள் பாரதம் கேட்டு வளர்ந்த ஊருக்கு அபிமன்யு போரை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அதைக் கூத்தாகவும், அடுத்த முறை அதே கதையை யட்சகானமாகவும் வையுங்கள். கன்னடம் தெரியாதவரும் எந்த இடம் என்று சொல்லிவிடுவார், இரண்டு மரபும் எங்கே பிரிகின்றன என்பதையும் கவனிப்பார். திரையில் மொழிபெயர்ப்பு ஓடவிடும் யோசனை யட்சகானத்துக்குச் சரிவராது. வசனத்தை நடிகர்கள் மேடையிலேயே கட்டிப் பேசுவதால் எழுத்து எப்போதும் பின்தங்கும். அதற்குப் பதில் ஒரு பக்கக் கதைச்சுருக்கத் தாளும், காட்சிக்கு முன் ஒரு நிமிடம் தமிழில் சொல்ல ஓர் ஆளும் போதும். தெலுங்கில் பாடிக் கதை சொல்லும் புர்ரகதைக்கும் இதே வழி.

ஒலியில் நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றுக்கும் மைக் வைப்பது. 300 பேர் கூடத்தில் பறைக்கும் செண்டைக்கும் மைக் தேவையே இல்லை. கூத்தில் ஊதும் குழலான முகவீணைக்கு மூன்றடி தள்ளி வையுங்கள், கிட்டே வைத்தால் கீச்சிடும். கூத்து நடிகர்களுக்கு மேடை முன்பக்கம் மேலிருந்து மூன்று மைக் தொங்கவிட்டால் போதும். தரையில் வைத்தால் சலங்கைதான் கேட்கும், பாட்டு கேட்காது. கவாலியில் கைத்தட்டலும் இசையின் பாகம், அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். கூடத்தின் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டால் பின்சுவரில் ஜமுக்காளங்களைக் கட்டித் தொங்கவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

விளக்கைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிக்கொண்டே இருக்க லைட் செட்டுக்காரர் ஆசைப்படுவார். நீல வெளிச்சத்தில் கூத்து முகத்தின் சிவப்பு கறுப்பாகத் தெரியும், மணிக்கணக்கில் போட்ட வேஷம் வீண். மஞ்சள் கலந்த வெள்ளை ஒன்றே போதும். கண்ணாடி பதித்த புஜகீர்த்தி என்னும் தோள் அணிக்கும் லம்பாடி உடைக்கும் நேர் எதிரிலிருந்து அடித்தால் பார்ப்பவர் கண் கூசும். இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். விளக்குகளும் மைக் செட்டும் ஒரே மின் பேஸில் (phase) இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிரித்துக் கொடுங்கள். மைக் செட்டின் மிக்ஸருக்கு ஒரு யூபிஎஸ் வையுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அது அணைந்தால் அமைப்பெல்லாம் முதலிலிருந்து.

ஒப்பனை அறையில் மேஜை நாற்காலி வேண்டாம், பாய் விரியுங்கள். கூத்துக்காரர்கள் தரையில் உட்கார்ந்துதான் வேஷம் கட்டுவார்கள், கண்ணாடியும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெய், பழைய துணி, தண்ணீர். பெண் கலைஞர்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள தனி அறை. இரவுச் சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொரு குழுவிடமும் தனித்தனியே கேளுங்கள். முடிக்கும் நேரத்தைக் கிராமங்களுக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸை விசாரித்து, அதற்கு அரை மணி நேரம் முன்னதாக வையுங்கள். கூத்து இரவுக்கு மட்டும் அது நடக்காது, அன்று பென்னாகரம், அரூர் வழிக்கு ஒவ்வொரு வேன் பேசிவிட வேண்டும்.