சைக்கிள் சக்கரத்தில் திருப்பு விசையையும் கோண முடுக்கத்தையும் அளப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைவாசல் கதவு கனத்த பர்மாத் தேக்கு. குடுமிக்கு (கதவு சுழலும் முனைக்கு) எதிர் ஓரத்தில் கை வைத்துத் தள்ளினால் பள்ளிப் பிள்ளைக்கும் திறக்கும். குடுமியை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் தள்ளிப் பாருங்கள், பெரியவருக்கே மூச்சு வாங்கும். 60 செ.மீ. தூரத்தில் 20 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்பு விசை 12 நியூட்டன் மீட்டர். அதே 12 கிடைக்க, 15 செ.மீ. தூரத்தில் 80 நியூட்டன் தேவை. விசையை, அச்சிலிருந்து அது செயல்படும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் வருவதே திருப்பு விசை.

அந்தத் திருப்பு விசை ஒரு பொருளை எவ்வளவு வேகமாகச் சுழலத் தூண்டும்? இதற்குத்தான் பதினோராம் வகுப்பில் வரும் சூத்திரம்:

திருப்பு விசை = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்

கோண முடுக்கம் என்பது சுழலும் வேகம் நொடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பது. அந்த மாற்றத்தைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதே நிலைமத் திருப்புத்திறன்.

மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. பழைய 28 அங்குல சைக்கிளும் நல்ல உயரமான திண்ணையும் இருந்தால் போதும்.

தேவையானவை: சைக்கிள், 3 மீட்டர் மெல்லிய நைலான் நூல், 50 கிராம் படிக்கல், அளவு நாடா, வீடியோ எடுக்கும் செல்போன், கொஞ்சம் களிமண், சில சிறிய நட்டுகள்.

சக்கரத்தைத் தயார் செய்தல்

முன்சக்கரத்தின் டயரையும் டியூபையும் கழற்றிவிடுங்கள். சைக்கிளைத் திண்ணைமேல் தலைகீழாக நிறுத்துங்கள். ரிம்மின் முன்விளிம்பு மட்டும் திண்ணைக்கு வெளியே முற்றத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்பக்கத்தை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பாருங்கள். அச்சில் கோன் (பேரிங்கை இறுக்கும் கூம்பு நட்டு) இறுக்கமாக இருந்தால் சற்றே தளர்த்திக் கிரீஸ் வையுங்கள்.

அடுத்து சமநிலை. பலரும் இதைத் தவறவிட்டுவிட்டு, கணக்கு ஏன் வரவில்லை என்று குழம்புவார்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பகுதி கீழே வந்து நின்றால் அந்த இடம் கனம். நேர் எதிரே ஸ்போக்கில் களிமண் ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை சரிசெய்யுங்கள். நம் சோதனையில் சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது. அதனால் ரிம்மில் 10 கிராம் கூடுதல் கனம் இருந்தாலே, 50 கிராம் படிக்கல்லின் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூட்டும் அல்லது குறைக்கும்.

ஆரம்

நூல் உட்காரும் பள்ளத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 195 செ.மீ. வந்தால், 6.283-ஆல் (2π) வகுக்க ஆரம் 31 செ.மீ. அச்சிலிருந்து நேராக நாடா பிடித்தால் ஹப் குறுக்கே நிற்கும், அளவு பிசகும்.

படிக்கல்லை விடுதல்

நூலின் ஒரு முனையை வால்வு துளையில் முடிச்சிட்டு, பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். மறுமுனையில் படிக்கல். படிக்கல் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் தொங்கும்படி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, தள்ளாமல் கையை மட்டும் எடுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கை தாமதமாகும். வீடியோ எடுத்து பிரேம்களை எண்ணுங்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒன்று 0.033 நொடி. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

படிக்கல் தரையைத் தொட 2.4 நொடி ஆனதாக வைத்துக்கொள்வோம். கீழே 9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்.

படிக்கல்லின் முடுக்கம் = 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம் = 2 × 1.2 ÷ (2.4 × 2.4) = 0.417 மீட்டர்/நொடி²
கோண முடுக்கம் = 0.417 ÷ 0.31 = 1.34 ரேடியன்/நொடி²
நூலின் இழுவிசை = 0.05 × (9.8 − 0.417) = 0.469 நியூட்டன்
திருப்பு விசை = 0.469 × 0.31 = 0.145 நியூட்டன் மீட்டர்

மூன்றாம் வரியைக் கவனியுங்கள். படிக்கல்லின் எடையையே இழுவிசை என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. படிக்கல் முடுக்கத்துடன் கீழே இறங்குவதால் நூலில் உள்ள விசை எடையைவிடக் குறைவு. 50 கிராமுக்கு வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான். இதே சக்கரத்தில் அரைக் கிலோ கட்டினால் 40 சதவீதத்துக்கு மேல் தவறும். சிறிய கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உராய்வைக் கழித்தல்

படிக்கல்லை எடுத்துவிட்டு, நூலில் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். லேசாகத் தட்டிவிட்டதும் வேகம் கூடாமல், குறையாமல் சக்கரம் சீராக ஓடும் எடைதான் உராய்வுக்குச் சமம். அது 3 கிராம் என்றால் 0.003 × 9.8 × 0.31 = 0.009 நியூட்டன் மீட்டர். இதைக் கழித்தால் சக்கரத்தைச் சுழற்றும் நிகரத் திருப்பு விசை 0.136. அதை 1.34-ஆல் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.101 கிலோகிராம் மீட்டர்².

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி: 0.101-ஐ ஆரத்தின் வர்க்கத்தால் (0.096) வகுங்கள். 1.05 கிலோ வரும். சக்கரத்தைக் கழற்றித் தராசில் வைத்தால் இதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஹப்பும் அச்சும் நடுவில் இருப்பதால் தராசில் எடை காட்டுமே தவிர, சுழற்சியை அவ்வளவாகத் தடுக்காது. தராசு குறைவாகக் காட்டினால் உங்கள் அளவில் எங்கோ பிழை இருக்கிறது.

நிறையை இடம் மாற்றுதல்

இந்தச் சோதனையின் உயிரே இங்குதான். 200 கிராம் நட்டுகளைத் துணியில் முடிந்து, இப்படி இரண்டு முடிச்சுகளை நேர் எதிரெதிரே ஸ்போக்குகளில் கட்டுங்கள். தடிமன் 3 செ.மீ.க்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபோர்க்கில் இடிக்கும். முதலில் அச்சிலிருந்து 14 செ.மீ., பிறகு 28 செ.மீ. இரண்டு முறையும் கூட்டிய நிறை அதே 400 கிராம்தான்.

14 செ.மீ.-ல் கூடும் நிலைமத் திருப்புத்திறன் 0.4 × 0.14 × 0.14 = 0.0078. 28 செ.மீ.-ல் 0.0314. தூரம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. மேலே கணக்கிட்ட சக்கரத்தில் படிக்கல் இறங்கும் நேரம் முதலில் 2.49 நொடி, பிறகு 2.73 நொடி ஆக வேண்டும்.

2.40-க்கும் 2.49-க்கும் இடையே மூன்று பிரேம்கூட முழுதாக இல்லை, அதனால் போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் பயன்படுத்துங்கள். 2.73-க்குப் பதில் தாறுமாறாக வந்தால் முடிச்சுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று 28-லும் மற்றது 27-லும் இருந்தாலே சமநிலை கெட்டுவிடும். கட்டிய பிறகு மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே விட்டாலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நூலைச் சுற்றுங்கள்.