காரைக்குடிப் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

ஆறாம் வகுப்பில் பிள்ளையைப் பிரெஞ்சில் சேர்த்துவிட்டு, "மார்க் அள்ளிடலாம்" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் காரைக்குடியிலும் உண்டு, தேவகோட்டையிலும் உண்டு. இந்த நினைப்பு பிளஸ் டூ பக்கமிருந்து இறங்கி வந்தது. அங்கே உருப்போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே வழியைக் காட்டினால், எட்டாம் வகுப்பு முடியும்போது வினைச்சொல் அட்டவணை மனப்பாடமாக இருக்கும், வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராது.

என்னைக் கேட்டால் மார்க் ஆசையைவிடப் பெரிய தவறு வேறு. அந்நிய மொழிக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் போக வேண்டும் என்று முடிவு கட்டிக்கொள்வது. பாடப்புத்தகத்தின் விளக்கம் இங்கிலீஷில், டீச்சர் விளக்குவதும் இங்கிலீஷில். பிள்ளையும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் இங்கிலீஷாக்கி, பிறகு பிரெஞ்சாக்குகிறது. வீட்டில் பேசும் தமிழ் செய்யக்கூடிய உதவி அப்படியே வீணாகிறது.

பிரெஞ்சின் மூக்கொலியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் 'ன்', 'ம்' என்று அழுத்தி முடித்துவிடுவார்கள். நாம் பேச்சில் 'மரம்', 'பணம்' என்று சொல்லும்போது கடைசி மெய் உதடு மூடி வருவதில்லை, மூக்கில் கரைந்துவிடுகிறது. பிரெஞ்சு கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். ஜப்பானியம் எடுத்தால் லாபம் இன்னும் கூடுதல். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போல ஒட்டுச்சொற்கள் பெயருக்குப் பின்னால் வரும். குறில் நெடில் மாறினால் ஆளே மாறிவிடும்: 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

சரி, தமிழ் உதவும் என்றதும் உடனே அடுத்த சறுக்கல் வந்துவிடுகிறது. பிரெஞ்சு வரிக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வது. உதவ வேண்டியது தமிழ்க் காது. தமிழ் எழுத்து இங்கே காலை வாரிவிடும். மீனுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல், பானத்துக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். மூன்றும் வேறு வேறு ஒலிகள்தாம். தமிழில் எழுதினால் மூன்றுமே 'புவாஸோன்'. இந்த நோட்டை நம்பிப் படித்த பிள்ளை ஓட்டலில் மீன் கேட்டால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சில வாரம் எழுதவே விடாமல் கேட்டுச் சொல்ல மட்டும் பழக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

இனி பண்பாடு. பள்ளியில் இதற்கு ஒரு சார்ட் பேப்பர் ஒதுக்குவார்கள். ஈஃபில் கோபுரம், மூவர்ணக் கொடி, குரோசான் ரொட்டி, ஓரத்தில் மினுமினுப்பு. அப்பா ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஒட்டிக் கொடுப்பார். அதில் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இருக்காது. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஷூர்' சொல்லாமல் சாமானைக் கேட்டால் மரியாதைக் குறைவு. சாப்பாடு ஒவ்வொரு வகையாக மேசைக்கு வரும். நம் விருந்து மாதிரி இலை முழுக்கப் பரிமாறிவிட்டு உட்கார வைப்பதில்லை. இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்துகொண்டால்தான் அந்த மொழியில் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்றே பிடிபடும்.

ஒருமை பன்மை மரியாதையும் இதே கதைதான். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். இங்கிலீஷ் வழியாகப் போனால் இரண்டுக்கும் ஒரே 'யூ', அதனால் பிள்ளைக்குக் குழப்பம். தமிழ் வழியாக வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதியில்தான் கவனம் தேவை. அங்கே மாணவன் ஆசிரியரை 'வூ' என்பான், சொந்தப் பாட்டி தாத்தா இருவரையும் பெரும்பாலும் 'தூ' என்றே கூப்பிடுவான். நம் வீடுகளில் ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) 'நீங்க', அப்பத்தாவுக்கு வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. "உங்க வீட்ல அப்பத்தாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று வகுப்பில் ஒரு சுற்றுக் கேட்டாலே ஒரு பீரியட் நன்றாகப் போகும்.

பிரெஞ்சு என்றாலே பாரிஸ் என்று நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. செனகல், கனடாவின் கியூபெக் எல்லாம் இருக்கட்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரியும் காரைக்காலும் பக்கத்திலேயே இருக்கின்றன (காரைக்குடியில் இருந்துகொண்டு காரைக்கால் என்றால் எப்போதும் ஒரு குழப்பம் வரும், போகட்டும்). நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த வியட்நாமின் சைகோனும் அன்று பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையன்களாக (வட்டிக்கடையில் வேலை பழகும் சிறுவர்கள்) கப்பலேறியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வெளிநாட்டு மொழி என்பது இந்த மண்ணுக்குப் புதுசு மாதிரி பாடம் எடுப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை வேண்டும். குளிர்காலத்தில் கானாடுகாத்தான் தெருக்களிலும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளிலும் பிரெஞ்சுக்காரர்களைப் பார்க்கலாம். பின்னாலேயே ஓடிப் போய் "விச் கன்ட்ரி?" என்று கேட்டு செல்ஃபி எடுப்பது பயிற்சி ஆகாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க, வணக்கம் சொல்லி, 'வூ' போட்டு, கண்ணாடி மேல் வண்ண சிமென்ட் கலவை ஊற்றி டைல் செய்வதை நாலு எளிய வாக்கியத்தில் சொல்லப் பழக்கலாம். இதை முதல் நாளே வகுப்பில் தயார் செய்ய வேண்டும். இலக்கணம் அங்கே இங்கே தப்பினாலும் வந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆறாவதில் பிரெஞ்சு, ஏழாவதில் ஜெர்மன் என்று தாவுவது வேண்டாம். மொபைல் ஆப் மட்டும் போதும் என்று விடுவதும் வேண்டாம்.

அப்புறம், அவசரம். ஏ1 என்ற முதல் படிக்கே பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் சொல்வார்கள். வாரத்துக்கு 40 நிமிட பீரியட் இரண்டு, வருஷத்துக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் 40 மணி நேரம்தான் தேறும். ஆறாவது முடிந்ததும் "பேசிக் காட்டு" என்று விருந்தாளி முன்னால் நிறுத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூன்று வருஷம் விட்டால் 120 மணி நேரம் ஆகிறது. எட்டாவது முடிவில் பிரெஞ்சு அரசு சான்றிதழ் தரும் 'டெல்ஃப்' மொழித் தேர்வின் ஏ1 நிலையை எழுத வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி வடிவம் இருக்கிறது, சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. தேர்வுத் தேதியையும் கட்டணத்தையும் சென்னை அல்லது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.