மிக முதியவர்களின் மூளை ஸ்கான் அறிக்கையை விளங்கிக்கொள்வது எப்படி?

வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஸ்கான் படத்தோடு வீடு திரும்பும் எங்கள் வன்னிக் குடும்பங்கள் பல, அறிக்கையில் மூளை சுருங்கியுள்ளதாக ஒரு வரியைக் கண்டதும், அம்மம்மாவுக்கு மறதிநோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகின்றன. 85 வயதைத் தாண்டியவர்களைப் பொறுத்தவரை அந்த முடிவு அவசரமானது. படத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பின்வரும் ஒழுங்கில் செல்லுங்கள்.

படி 1: அன்றாட வாழ்வை எழுதுங்கள்

மறதிநோய் என்று சொல்வதற்கு, ஒருவர் முன்பு தாமாகச் செய்த வேலைகளை இப்போது செய்ய இயலாமற்போயிருக்க வேண்டும். தேநீர் ஊற்றுவது, குளிசை எடுப்பது, காசு எண்ணுவது, கோயிலுக்குப் போய் வழி தவறாமல் திரும்புவது ஆகியவற்றில் எது, எப்போதிலிருந்து மாறியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் திகதி சொல்லத் தடுமாறுவதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். இடம்பெயர்ந்த நாட்களைக் கேட்டு நினைவைச் சோதிக்கவும் வேண்டாம். அது அவர்களை நோகடிக்கும்.

படி 2: மாற்றத்தின் வேகத்தைப் பாருங்கள்

ஓரிரு நாட்களில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். விழுந்து சில வாரங்களின் பின் மந்தமாகிவிட்டவருக்கு மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்திருக்கலாம். அடிபட்டதை வீட்டார் மறந்தே போயிருப்பார்கள். சி.ரி. ஸ்கான் மிகவும் பயன்படும் இடம் இதுதான், ஏனெனில் இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு.

படி 3: உடலிலுள்ள உலோகத்தைத் தெரிவியுங்கள்

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தத்தால் இயங்குவது. எனவே உடலில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், குறிப்பாகக் கண்ணுக்கு அருகில் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய காயம்தானே என்று எங்கள் முதியவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

படி 4: அறிக்கையை வயதோடு சேர்த்து வாசியுங்கள்

நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கத்தை வைத்தியர்கள் 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். 75 வயதுக்குக் குறைந்தவருக்கு 2 என்பது அசாதாரணம். அதற்கு மேற்பட்டவருக்கு அதே 2 வயதின் இயல்பாகவே கருதப்படலாம். ஃபசேகாஸ் அளவு என்பது மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பு இழைகள் செல்லும் உட்பகுதியில், உள்ள மாற்றங்களை 0 முதல் 3 வரை குறிப்பது; இவை பெரும்பாலும் சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்பின் அடையாளங்கள், உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புடையவை.

படத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான இந்த இடைவெளியை ஆய்வுகளும் காட்டியுள்ளன. அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 அருட்சகோதரிகள் பங்கேற்றனர். அவர்களில் 101 வயது வரை வாழ்ந்த ஒருவர் நினைவுச் சோதனைகளில் சிறப்பாகவே செய்துவந்தார். ஆனால் மறைவின் பின் பரிசோதித்தபோது, அவரது மூளையில், மறதிநோய்க்கு முக்கிய காரணமான அல்சைமர் நோய்க்குரிய படிவுகள் நிறைய இருந்தன. கலிபோர்னியாவில் 2003இல் தொடங்கிய 90 வயதைக் கடந்தோர் பற்றிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: மறதிநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேரின் மூளையில், அவர்களது நிலையை விளக்கப் போதுமான நோய் மாற்றங்கள் காணப்படவில்லை.

படி 5: வைத்தியரிடம் கேளுங்கள்

கொப்பியைக் காட்டி, இந்த மாற்றங்கள் வயதுக்கு மிஞ்சியவையா, அன்றாடத் தடுமாற்றத்தோடு பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். விற்றமின் பி12, தைரொயிட் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா, இரவில் கொடுக்கும் நித்திரைக் குளிசை குழப்பத்தைக் கூட்டுகிறதா, காது கேளாமை மறதியைப் போலத் தோன்றுகிறதா என்பவற்றையும் விடாமல் கேளுங்கள்.