மரத்தவளையைத் தேடுவதும் இனம் பிரிப்பதும்: முதல்முறை போகிறவர்களுக்கு

மரத்தவளை தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பகலில் போய், கிளைகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புகிறார்கள். இரவில் போங்கள். முதலில் காது, பிறகு கண். நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி.

எப்போது, என்னென்னவோடு

மழை ஓய்ந்த, காற்றில்லாத இரவுதான் சரியான இரவு. இருட்டி அரை மணி கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் தேடலாம். காற்று பலமாக வீசினால் தோல் உலரும் என்பதால் தவளைகள் மறைவிடத்தை விட்டு வராது, குரலும் உங்கள் காதுக்கு எட்டாது. குளிர் பகுதிகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பெரும்பாலான இனங்கள் கத்துவதில்லை.

நெற்றியில் கட்டும் டார்ச், உதிரி பேட்டரி, கைபேசி, 15 செ.மீ. ஸ்கேல், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போதும். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஒவ்வோர் அடிக்கு முன்பும் தரையைப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

படி 1: குரலைப் பின்தொடருங்கள்

கத்துவது ஆண் தவளை. தண்ணீர் தேங்கிய இடத்தை ஒட்டி நின்று ஒரே ஒரு குரலைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறு குரல்களை ஒன்றாகத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. அது வரும் திசையைக் குறித்துக்கொண்டு, பக்கவாட்டில் பத்தடி நகர்ந்து மறுபடி கேளுங்கள். இரண்டு திசைகளும் வெட்டும் இடத்தில்தான் தவளை இருக்கிறது.

நெருங்கியதும் குரல் நின்றுவிடும். அவசரப்பட்டுப் புதரைக் கிளறாதீர்கள். டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் மீண்டும் கத்தும். உச்சிக் கிளையைப் பார்ப்பதைவிட, முழங்காலுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள இலைகளையும் தண்டுகளையும் பார்ப்பது பலன் தரும். இனப்பெருக்கக் காலத்தில் அவை தண்ணீரை நோக்கி இறங்கி வந்திருக்கும்.

படி 2: கண்ணொளி

தவளையின் கண், தன்மேல் பட்ட ஒளியை அது வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. அதனால் டார்ச் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இடுப்பருகே பிடித்தால் ஒளிர்வு உங்களுக்குத் தெரியாது. வெளிச்சத்தை மெதுவாக நகர்த்துங்கள். ஊசிமுனை போல நீலப்பச்சையாக மின்னுவது பெரும்பாலும் சிலந்தி. தலையை லேசாக அசைத்ததும் மறைந்தால் அது பனித்துளி. மங்கலாக, அசையாமல் நிலைத்து ஒளிர்ந்தால் அருகே போய்ப் பாருங்கள்.

பகலில் தேடியே ஆக வேண்டுமென்றால் ஈரமும் நிழலும் உள்ள இடுக்குகளைப் பாருங்கள்: இலைக்காம்பு தண்டைத் தழுவும் பள்ளம், பூந்தொட்டியின் அடிப்புறம், தண்ணீர்த் தொட்டி மூடியின் உட்பக்கம், ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பு. நீர் இழப்பைக் குறைக்கக் கைகால்களை உடலுக்கடியில் மடக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் தவளை, காய்ந்த மரப்பட்டைத் துண்டு என்றே தோன்றும்.

படி 3: மரத்தவளைதானா?

விரல் நுனியைப் பாருங்கள். விரலைவிட அகலமான வட்டத் தட்டு இருக்க வேண்டும். கடைசி இரு விரலெலும்புகளுக்கு நடுவே ஒரு கூடுதல் குருத்தெலும்பு இருப்பதால், விரல் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் தட்டு பரப்போடு ஒட்டிப் படியும். ஆனால் தட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓடைக்கரைத் தவளைகள் சிலவற்றுக்கும் தட்டு உண்டு.

படி 4: எந்த இனம்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், காரணம் நிறம். ஒரே தவளை வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து, சில நேரம் நிமிடங்களுக்குள்ளேயே, வெளிறியோ கருத்தோ போகும். முதுகு நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது ஏறக்குறைய ஊகம்தான்.

நம்பத்தக்கவை இவை: மூக்கு நுனியிலிருந்து உடலின் பின்முனை வரையான நீளம், கண்மணி கிடையா நெடுக்கா, செவிப்பறை தெளிவாகத் தெரிகிறதா, முன்கை விரல்களுக்கு இடையே சவ்வு எவ்வளவு, பக்கவாட்டுக் கோடு எங்கே முடிகிறது, பின்தொடையின் மறைவான பகுதியில் என்ன குறி. ஐரோப்பிய மரத்தவளைக்குக் கண் வழியே ஓடும் கருங்கோடு விலாவைக் கடந்து இடுப்பு வரை போகும். மத்தியத்தரைக்கடல் மரத்தவளைக்கு அதே கோடு முன்கால் அருகே நின்றுவிடும். தெற்காசியாவின் புள்ளி மரத்தவளையை முதுகைப் பார்த்து உறுதி செய்வது கடினம். தொடையின் பின்புறத்தில் கரும்பின்னலுக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் தீரும்.

சில இனங்களில் உடலைப் பார்த்துப் பயனே இல்லை. வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளைகள் இரண்டு இனங்கள், பார்வைக்கு ஒன்றேபோல இருக்கும். ஓர் இனத்துக்குக் குரோமோசோம்கள் இரு மடங்கு, அதன் குரலின் அதிர்வு மெதுவானது. குரலின் வேகம் வெப்பநிலையோடு மாறும் என்பதால், ஒலிப்பதிவோடு அந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, விரல்கள் தெரிய ஒன்று. தொடைக்குறி தவளை கால் நீட்டி நகரும்போது தானாகவே தெரியும், கொஞ்சம் காத்திருங்கள்.

முட்டையும் துப்புக் கொடுக்கும். தண்ணீருக்கு மேல் கிளையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு இருந்தால், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ராக்கோபோரிடே குடும்பத்தை நினையுங்கள். உங்கள் தொட்டிச் சுவரில் இருந்தால் கழுவிவிடாதீர்கள். தலைப்பிரட்டைகள் சில நாள்களில் கீழே தண்ணீரில் விழுந்துவிடும்.

தோட்டத்துக்கு வரவழைக்க

4 முதல் 5 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 80 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மர நிழலில் 10 செ.மீ. ஆழம் செங்குத்தாக ஊன்றுங்கள். வெயில் படும் இடத்தில் குழாய் சூடாகிவிடும், தவளை தங்காது. அகலக் குழாய் உள்ளே சீக்கிரம் உலரும். அடியை மூடித் தண்ணீர் நிற்கச் செய்வதானால் தரைமட்டத்துக்குச் சற்று மேலே வடிகால் துளை போடுங்கள், உள்ளே ஒரு குச்சியும் கட்டாயம் வையுங்கள். வழுக்கும் சுவரில் மரத்தவளை ஏறிவிடும், உள்ளே விழுந்த எலிக்குஞ்சும் அரணையும் ஏற முடியாமல் சாகும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். குழாயை ஆட்டாமல் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

தொடுவது பற்றி

தொடாமலே இனம் காணலாம். தவளைத் தோல் எதையும் உறிஞ்சும். கொசு விரட்டியோ சோப்போ பூசிய கையால் தொட்டால் அதற்குத்தான் ஆபத்து. தவிர்க்க முடியாமல் எடுத்தால் சுத்தமான தண்ணீரில் நனைத்த கையால் எடுங்கள், கழுவும்வரை உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள். ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுவதும் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பரவுகிறது, முழுக்கக் காய்ந்தால் பிழைக்காது.