மோரிஸ் மைனரில் பேட்டரி எர்த்தைச் சரிசெய்வது எப்படி?

ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றுகிறது, முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், புது பேட்டரி வாங்குவதற்கு முன் எர்த் இணைப்புகளை, அதாவது மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்ப உதவும் இணைப்புகளை, சோதித்துப் பாருங்கள். 1948இல் இங்கிலாந்தில் தயாரிக்கத் தொடங்கி, இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனரை வைத்து இதை விளக்குகிறேன்.

இந்த வண்டியில் பெரும்பாலான மின்கருவிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல மட்டுமே வயர் உண்டு. அது பேட்டரிக்குத் திரும்பும் பாதை பாடியின் இரும்புத் தகடுதான். அந்தப் பாதையில் துருவோ பெயின்ட்டோ குறுக்கிட்டு வெறும் 0.01 ஓம் மின்தடை சேர்ந்தாலும், ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும்.

முதல் படி: எந்த முனை எர்த் என்று அறிதல். இக்காலக் கார்களில் பேட்டரியின் எதிர்முனை (−) பாடியோடு இணைந்திருக்கும். மோரிஸ் மைனரிலோ நேர்முனைதான் (+) எர்த். ஆனாலும் முந்தைய உரிமையாளர் யாரேனும் மாற்றியிருக்கக்கூடும் என்பதால், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த பட்டை எந்த முனையில் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரியின் முனைகளை இடம்மாற்றி இணைத்தால் பின்னாளில் பொருத்திய டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் நொடியில் கருகிவிடும்.

இரண்டாம் படி: கழற்றுதல். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மற்ற முனையை முதலில் கழற்ற முயன்று ஸ்பேனர் பாடியில் பட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியே பாயும்.

மூன்றாம் படி: சுத்தம் செய்தல். இதில் அவசரம் கூடாது. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சமையல் சோடா கலந்த நீரால், பேட்டரிக்குள் இறங்காதபடி துடைத்தெடுங்கள். பிறகு எர்த் பட்டை பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரியும்வரை வெளிக்கொணருங்கள். பட்டையின் கண்ணையும் அவ்வாறே தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பின்பே மேலே வாசலின் தடவ வேண்டும்.

நான்காம் படி: எஞ்சின் எர்த். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால், பாடியோடு அதற்கு நல்ல மின்தொடர்பு கிடையாது. எஞ்சின் அல்லது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டைதான் அதை ஏற்படுத்துகிறது. அந்தப் பட்டை அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டுப் புகைவது இதனால்தான். சந்தேகம் இருந்தால் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சினிலும் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் உடனே வேகமாகச் சுற்றினால், எர்த் பட்டைகளிலோ அவற்றின் இணைப்புகளிலோதான் கோளாறு.

ஐந்தாம் படி: மீட்டரால் சோதித்தல். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க, இக்னிஷன் காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றி அதன் நுனியில் டேப் சுற்றுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் வெற்று இரும்பிலும் அழுத்திப் பிடித்தபடி, உடனிருப்பவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் மூன்றாம், நான்காம் படிகளுக்குத் திரும்ப வேண்டும்.

பெரிய இணைப்புகள் சரியான பின் சிறியவற்றுக்கு வாருங்கள். இந்த வண்டியிலுள்ள லூகாஸ் நிறுவன வயரிங்கில் கறுப்பு வயர் என்றால் எர்த். விளக்குகளுக்குப் பின்னாலும் எஸ்.யு. நிறுவனப் பெட்ரோல் பம்பின் உடலிலும் அவை சேரும் இடங்களைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டரின் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே முன்போலவே மீட்டர் வைத்தால், எந்த விளக்கின் எர்த் இன்னும் தேறவில்லை என்பது தெரிந்துவிடும்.