சர்வர் விழுந்தால் உறுப்பினர்களுக்கு என்ன எழுதுவது? மாஸ்டடான் நடத்தும் தன்னார்வலர்களுக்கு

நான்கைந்து பேர் சேர்ந்து, வேலை முடிந்த நேரத்தில் ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (மாஸ்டடான் என்பது, தனித்தனிக் குழுக்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம்.) டிஸ்க் நிரம்பி, பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் நின்றுவிட்டால் அதை எழுப்ப இணையத்தில் ஆயிரம் வழி கிடைக்கும். அதற்குப் பிறகு உறுப்பினர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் கிடைக்காது. பழைய தூர்தர்ஷன் மாதிரி 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை மாட்டிவிட்டு நழுவ முடியாது.

1. முதல் அறிவிப்பு உடனே போகட்டும்

காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். "சர்வர் இயங்கவில்லை. காரணம் இன்னும் தெரியவில்லை, பார்க்கிறோம். அடுத்த தகவல் இரவு 9 மணிக்கு." இவ்வளவு போதும். 9 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வரி போடுங்கள்.

எது வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். 2024 டிசம்பரில், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆம்ஸ்டர்டாம் சர்வர்களுக்கு இணைய இணைப்பு போனபோது, வரைபடத்தைப் பார்க்க முடிந்தது, திருத்தத்தான் முடியவில்லை. மக்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

அறிவிப்புப் பக்கம் விழுந்த சர்வரிலேயே இருந்தால் பயன் இல்லை. சர்வர் ஓடுகிறதா என்று கண்காணித்து அறிவிப்புப் பக்கமும் காட்டும் மென்பொருள்களில் என் ஓட்டு அப்டைம் கூமாவுக்கு. வேறு நிறுவனத்தில், இருப்பதிலேயே மலிவான ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில் ஓடவிடுங்கள். கிராஃபானா மாதிரி பெரிய கண்காணிப்புக் கருவியெல்லாம் நம் அளவுக்கு அதிகம்.

2. ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக்

சில கணினிகளில் சிஸ்டம் லாக் (என்ன நடந்தது என்று கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பு) மெமரியில் மட்டும் இருக்கும். ரீபூட் செய்தால் போயே போச்சு. முதலில் நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இடம் வேண்டுமென்று போஸ்ட்கிரெஸின் 'வால்' (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. டேட்டாபேஸே கெட்டுவிடும்.

3. நேர வரிசை

இடறிவிடும் இடம் இதுதான். சர்வர் லாக் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கும், நம் டெலிகிராம் உரையாடல் இந்திய நேரத்தில் இருக்கும். லாக்கில் 14-ஆம் தேதி 20:40 என்று இருப்பது நமக்கு 15-ஆம் தேதி அதிகாலை 2:10. சிங்கப்பூர் உறுப்பினருக்கு 4:40. இரண்டையும் கலந்து எழுதினால், பழுது நேர்வதற்கு முன்பே நாம் அதைச் சரிசெய்த மாதிரி அறிக்கை வரும்! அதைப் படிப்பவர் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அதனால் எல்லாவற்றையும் முதலில் யுடிசியில் ஒரே பட்டியலாகப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அருகில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: லாக்கா, உரையாடலா, ஞாபகமா? ஞாபகத்திலிருந்து வந்ததற்கு 'சுமார்' சேர்த்துவிடுங்கள். வெளியிடும்போது இந்திய நேரத்துக்கு மாற்றி, தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

4. அறிக்கை

யார் செய்தார் என்பதை விட்டு, என்ன நடந்தது என்று எழுதுங்கள். 2017 ஜனவரி 31-இல், மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பின் ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். அவர்கள் அறிக்கையில் அவர் 'டீம் மெம்பர் 1' மட்டும்தான். அதே சமயம், வழக்கமான பேக்கப் எடுக்கப்படாமலே இருந்தது என்பதையும், சுமார் ஆறு மணி நேரத் தரவு போனதையும் மறைக்கவில்லை. நம் குழுவில் சம்பளம்கூடக் கிடையாது. பெயரைப் போட்டால் அடுத்த மாதம் அந்த ஆள் இருக்க மாட்டார்.

ஆனால் "நாங்கள் தன்னார்வலர்கள்தானே" என்று தொடங்காதீர்கள். உறுப்பினர்களுக்கு அது தெரியும். எந்த நேரத்துப் பதிவுகள் போயின, படங்கள் என்னவாயின, கடவுச்சொல் வெளியே போயிருக்குமா என்பவற்றை மேலேயே வையுங்கள்.

5. இனி என்ன

ஒருவர் பெயருக்கு ஒதுக்கி, தேதி போட முடிந்த வேலையை மட்டும் வாக்குக் கொடுங்கள். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை, மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் மீட்டுப் பார்ப்பது, இவை இரண்டு போதும்.

பின்சேர்ப்பு: "முடங்கியிருந்த நேரத்தில் வேறு சர்வர் நண்பர்கள் எழுதியது தொலைந்துவிட்டதா?" என்று பலர் கேட்டார்கள். சில மணி நேர முடக்கம் என்றால் பெரும்பாலும் தொலையாது. மற்ற சர்வர்கள் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், அதனால் தாமதமாக வந்து சேரும். இதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.